வயது கேட்காத எண்

பண்டாரவளைப் பட்டணத்தில் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு, அந்தியிலோ மறுநாளோ முடிவு கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இடது ஓரத்தில் பரிசோதனையின் பெயர், நடுவில் ஓர் எண், வலது ஓரத்தில் 0 முதல் 4 வரை என்று ஓர் எல்லை. எண் எல்லையைத் தாண்டினால் பக்கத்தில் 'எச்' என்ற எழுத்து விழும். தாண்டாவிட்டால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் இருந்தாலும் சரி, கொழும்பில் கடை வேலையில் இருந்தாலும் சரி, முப்பத்தைந்து வயதுக்காரர் அந்தப் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். எழுத்து இருந்தால் அன்றிரவு தூக்கம் போகும். இல்லாவிட்டால் ரிப்போட்டை அழித்துவிட்டு மறந்துவிடுவார். இரண்டுமே தவறாக முடியலாம்.

அவருடைய தாத்தா காலத்தில் இதே மலைகளில் நிலைமை நேர்மாறு. நோயாளியைச் சுற்றி லயமே நின்றது. எண் என்று ஒன்று இருக்கவில்லை. இரண்டு காலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற இந்த இரத்தப் பரிசோதனை பயனுள்ள கருவி. ஆனால் எந்த வயதில், எந்தக் காரணத்துக்காக, யாரிடம் கேட்டு அதைச் செய்வது என்பதை நாம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

தோட்டத்து மருத்துவம் கோப்பிக் காலத்திலேயே சட்டத்துக்குள் வந்துவிட்டது. 1872இல் பெருந்தோட்ட மாவட்டங்களுக்கென்று மருத்துவச் சட்டம் வந்தது. 1912இல் புதிய சட்டம் வந்தது. மாவட்ட வைத்திய அதிகாரி, தோட்டத்து டிஸ்பென்சரி, பெரிய தோட்டங்களில் சிறு ஆஸ்பத்திரி என்று ஓர் அமைப்பு உருவானது. அதன் கவலை எல்லாம் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும் என்பதுதான். வாந்திபேதி, காய்ச்சல், கொக்கிப்புழு, பிள்ளைப்பேறு ஆகியவற்றையே அது பார்த்தது. பின்னாளில் தாய்மாரும் பிள்ளைகளும் அதன் மையமானார்கள். மருத்துவிச்சி லயத்துக்கு வந்தார், பிள்ளைக்காம்பராவில் எடை பார்த்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். வளர்ந்த ஆணுக்கு மட்டும் அந்த அமைப்பில் ஓர் இடம் இருக்கவில்லை.

ஆம்பளை டிஸ்பென்சரிக்குப் போனது காயத்துக்கும் காய்ச்சலுக்கும்தான். கவ்வாத்துக் கத்தி காலில் இறங்கினால் போவார். அடிவயிறு கனக்கிறது, இரவில் நாலு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது, நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்பதற்கெல்லாம் போகமாட்டார். போனால் அன்றைக்குப் பேர் விழாது, நாட்கூலி கிடையாது. அரைப்பேர் விழுந்தாலே வீட்டில் அரிசிக் கணக்கு உதைக்கும். அதோடு அந்த இடத்தைப் பற்றி இன்னொருவரிடம் வாயைத் திறப்பது பெரும் வெட்கம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆண்டுகளை ஓட்டினார்கள். ஒருநாள் இரவில் சுத்தமாக அடைத்துக்கொள்ளும். நீர்க்கட்டு என்பார்கள். தோட்டத்து லொறியில் படுக்க வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோவார்கள். குழாய் போட்டு வடிப்பார்கள். அவர்களில் பலருக்கு அது வயதால் புரொஸ்டேட் சுரப்பியில் வரும் வெறும் வீக்கம். சிலருக்கு அது புற்றுநோய், அதுவும் எலும்புக்குப் போய்விட்ட நிலையில்.

எலும்புக்குப் போனது தெரிந்திருக்க வேண்டாமா என்று இன்று கேட்கலாம். முதலில் பிடிப்பது இடுப்பும் முதுகும். ஆனால் ஆயுள் முழுக்க முள்ளுக் குத்தியவரின், கான் வெட்டியவரின், உரமூட்டை சுமந்தவரின் முதுகு வலியை யார் சந்தேகிப்பார்? தைலம் தேய்த்தார்கள், பத்துப் போட்டார்கள். தோட்டத்து வேலையே அந்த நோய்க்கு மறைவிடமானது.

அன்றைக்கு மருத்துவர்களின் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கையுறை போட்ட விரலால் மலவாசல் வழியே சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது ஒன்று. அசிட் பொஸ்பட்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனை 1930களில் வந்தது. அது பெரும்பாலும் நோய் எலும்பைத் தொட்ட பிறகே உயர்ந்தது. ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று 1941இல் காட்டிய சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சிகிச்சை வலியைத் தணித்தது, சில காலத்தைக் கூட்டிக் கொடுத்தது. முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை.

அந்தக் காலத்தின் இன்னோர் இழப்பை இன்றைய இளைஞர்கள்தான் சுமக்கிறார்கள். இந்த நோயில் குடும்ப வரலாறு மிகப் பெரிய தடயம். தந்தைக்கோ கூடப் பிறந்தவருக்கோ வந்திருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்களுக்கு இளம் வயதிலேயே வந்திருந்தால் இன்னும் அதிகம். மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மலையகக் குடும்பத்தில் அதற்குப் பதில் எங்கே இருக்கிறது? 1964 ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரண்டு அரசுகளும் பிரித்தன. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போக, தம்பி தெமோதரையிலும் அப்புத்தளையிலும் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. பெரியப்பா அங்கே எதனால் இறந்தார் என்று இங்கிருக்கும் பேரனுக்குத் தெரியாது. இங்கே இறந்த தாத்தாவைப் பற்றியும் "நீர்க்கட்டுல போனாரு", "இடுப்பு விழுந்து கெடந்தாரு" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொற்றொடர்களும் மருத்துவருக்குப் பயன்படும். அவற்றை அற்பமென்று விட்டுவிடக் கூடாது.

இனி எண்ணுக்கு வருவோம். புரொஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி. விந்தை இளக வைக்கும் ஒரு புரதத்தை அது சுரக்கிறது. அந்தப் புரதத்தின் பெயர்ச் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. சுரப்பி நலமாக இருந்தாலும் கொஞ்சம் இரத்தத்தில் கசியும். சுரப்பி வீங்கினால், அதில் கிருமி தொற்றினால், அது நசுங்கினால், புற்றுநோய் வந்தால், எல்லாவற்றிலும் கசிவு கூடும். இரத்தப் பரிசோதனை அளப்பது அந்தக் கசிவை மட்டும்தான். கசிவுக்குக் காரணம் என்ன என்று அதற்குத் தெரியாது.

ரிச்சர்ட் ஏப்ளின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் புரொஸ்டேட்டுக்கே உரிய ஒரு பொருளை விவரித்தார். 1979இல் நியூயோர்க் மாநிலத்து பஃபலோவில் ரோஸ்வெல் பார்க் நிறுவனத்தார் பி.எஸ்.ஏ.யைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1986இல் அந்தப் பரிசோதனையை அனுமதித்தது ஏற்கெனவே நோய் உள்ளவரைத் தொடர்ந்து கவனிப்பதற்கு. நோயைக் கண்டறிய உதவியாக 1994இல் அனுமதித்தது. மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம் என்ற எல்லை பெயர் பெற்றது அப்போது நடந்த ஆய்வுகளால். அந்த ஆய்வுகளில் இரத்தம் கொடுத்தவர்கள் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இன்று இருபத்தெட்டு வயதுப் பொடியனின் ரிப்போட்டில் அச்சாகி வருவதும் அதே 4தான்.

அதன்பின் அமெரிக்காவில் ஆண்கள் கூட்டங்கூட்டமாக இரத்தம் கொடுத்தார்கள். ஆயுள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத சிறு புற்றுநோய்கள் ஏராளமாகப் பிடிபட்டன. அறுவைக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் இல்லாமலும் போனவர்கள் ஏராளம். ஏப்ளினே 2010இல் நியூயோர்க் டைம்ஸில் இந்த வெகுஜனப் பரிசோதனையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 2012இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல் கொஞ்சம் இறங்கி வந்து, 55 முதல் 69 வயது வரை அவரவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்றது. ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். அதுவும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்த ஆண்களுக்குக் கிடைத்த பலன். முப்பது வயதுக்காரர்களைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை.

இலங்கையில் அரசு நடத்தும் பி.எஸ்.ஏ. திட்டம் எதுவும் இல்லை. எனினும் நமது பொடியன்மார் இந்தப் பரிசோதனைக்குள் வந்து விழுகிறார்கள். முழு உடல் பரிசோதனைப் பொதியில் சேர்ந்து வந்துவிடும். இரகசியமான ஒரு கவலையோடு, எரிச்சலோ பலவீனமோ ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, தாங்களே கேட்டுச் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு நாட்பேர்க் காசு தனியார் ஆய்வுகூடத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காணாது. இரண்டாம் முறை செய்யச் சொன்னால் தயங்குவது அதனால்தான். இளைஞருக்கு இரண்டாம் முறைதான் முக்கியம் என்பதே இதிலுள்ள துயரம்.

இரண்டு ரிப்போட்டுகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாவது, 29 வயதுக்காரருடையது. எண் 5.1, பக்கத்தில் 'எச்'. கவுண்டரில் கேட்கிறார்: "அக்கா, இது கென்சரா?" "எனக்குத் தெரியாது தம்பி, டாக்டர்கிட்ட காட்டுங்க." அந்த அக்கா சொன்னது சரியான பதில். ஆனால் அவர் டாக்டரிடம் போகாமல் கைப்பேசியில் தேடுகிறார், பயந்து போகிறார். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. போன வாரம் குளிர் காய்ச்சல் இருந்ததா? ஒன்றுக்குப் போகும்போது எரிந்ததா? இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் வலி இருந்ததா? ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடம் புரொஸ்டேட் தொடர்பாக மிகப் பொதுவாகக் காணப்படுவது அதன் அழற்சி. கிருமித் தொற்று வந்தால் பி.எஸ்.ஏ. ஏறும், சில நேரம் பத்தையும் இருபதையும்கூடத் தாண்டும். மருந்து எடுத்துக் குணமான பிறகும் இறங்கச் சில வாரங்கள் பிடிக்கும். நாற்பதுக்குக் கீழே இந்தப் புற்றுநோய் மிக மிக அரிது. ஆகவே அந்த 5.1க்கு வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை, தொற்று இருந்தால் சிகிச்சை, ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து அதே ஆய்வுகூடத்தில் மறுபடி பி.எஸ்.ஏ. காய்ச்சலோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் பொறுக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலை.

மறுபடி பார்ப்பதன் பலத்தை ஜேர்மனியின் புரோபேஸ் ஆய்வு காட்டியது. நாற்பத்தைந்து வயது ஆண்களை அழைத்துப் பரிசோதித்தார்கள். முதல் தடவையில் 3ஐத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். அவர்களிடம் மறுபடி இரத்தம் எடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு எண் 3க்குக் கீழே இறங்கியிருந்தது. வேறெதுவும் செய்யாமலே பாதிப் பேரின் பயம் தீர்ந்தது.

இரண்டாவது ரிப்போட், 46 வயதுக்காரருடையது. எண் 2.9. பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. "நார்மல்" என்று வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறார். எனக்கு அதிகம் கவலை தருவது இவருடைய ரிப்போட்தான். நாற்பதுகளில் இருக்கும் ஆண்களில் நடு அளவு 0.7 அளவில்தான் நிற்கிறது. 1993இல் அமெரிக்காவில் ஒஸ்டர்லிங் குழுவினர் வயதுக்கேற்ற எல்லைகளை முன்வைத்தபோது நாற்பதுகளுக்கு 2.5, ஐம்பதுகளுக்கு 3.5, அறுபதுகளுக்கு 4.5, எழுபதுகளுக்கு 6.5 என்றார்கள். சுவீடனின் மால்மோ நகரில் 1974 முதல் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் பிற்காலத்தில் பரிசோதித்தபோது, 45 முதல் 49 வயதுக்குள் 1.6க்கு மேல் இருந்த பத்து சதவீதத்தினரிடமே, அடுத்த இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்களில் கிட்டத்தட்டப் பாதி நிகழ்ந்திருந்தது. சுவீடன் ஆண்களின் எண்ணை ஊவாத் தோட்டத்து ஆண்மீது அப்படியே வைத்துவிட முடியாது. ஆசிய ஆண்களிடம் இந்த நோய் அவர்களைவிடக் குறைவு. என்றாலும் அடிப்படை பொருந்தும். 70 வயதில் 2.9 என்றால் நிம்மதி. 46இல் 2.9 என்றால் அது புற்றுநோய் என்று பொருளில்லை, மறுபடி பார்க்க வேண்டும், குடும்பத்தைக் கேட்க வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று பொருள். ரிப்போட் அடிக்கும் இயந்திரம் வயதைக் கேட்டு எல்லையை மாற்றுவதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எண்ணைச் சின்னச் சின்ன விஷயங்களும் அசைக்கும். இரத்தம் கொடுப்பதற்கு முந்திய இரண்டு நாட்களில் விந்து வெளியேறியிருந்தால் கூடலாம். இதை எந்தக் கவுண்டரிலும் எந்த இளைஞரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இளைஞருக்குத்தான் அது அதிகம் பொருந்தும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பண்டாரவளையின் ஏற்ற இறக்கத்தில் அது பெரிய பிரச்சினை இல்லை என்றாலும், ஜிம்மில் ஓடாத சைக்கிளை மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய் போட்டு எடுத்திருந்தால் ஆறு வாரமாவது விட வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. முடி கொட்டுவதற்காக ஃபினஸ்டரைட் மாத்திரை எடுக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். பாமசியில் வாங்கிச் சாப்பிடுவதை அவர்கள் மருந்தென்றே நினைப்பதில்லை. சில மாதங்களில் அது பி.எஸ்.ஏ.யை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும், 1.5 என்று வருவது உண்மையில் 3. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் அதிக அளவில் போனால் சில இயந்திரங்களில் எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முறை வேறு என்பதால் எண்ணும் மாறும். 0.6 அடுத்த ஆண்டு 0.9 ஆனதற்கு அர்த்தம் தேட வேண்டாம், அது சாதாரண ஏற்ற இறக்கம்.

'ஃப்ரீ பி.எஸ்.ஏ.' என்று இன்னொன்றையும் செய்துகொள்ளச் சிலர் சொல்வார்கள். புரதத்தின் கட்டுண்ட பங்கையும் கட்டற்ற பங்கையும் பிரித்துக் காட்டும் அது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு 4க்கும் 10க்கும் இடையே எண் நின்றால் உதவும். இளைஞருக்கு முதல் கட்டத்திலேயே அதற்குச் செலவழிப்பதைவிட அந்தக் காசை இரண்டாம் பி.எஸ்.ஏ.க்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் முறையும் எண் உயர்வாகவே நின்றால் பயந்து ஒளிய வேண்டியதில்லை. சிறுநீரியல் மருத்துவர் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார், தேவையென்றால் எம்.ஆர்.ஐ., அதற்குப் பிறகே ஊசியால் சதை எடுக்கும் சோதனை. புற்றுநோய் என்றே வந்தாலும் கத்திதான் என்றில்லை. பிரித்தானியாவில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு என்று பார்த்த ஆய்வின் பதினைந்தாண்டு முடிவு 2023இல் வந்தது. மூன்று பகுதியிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இந்த நோயால் இறந்திருந்தார்கள். ஆரம்பத்தில் பிடிபடும் நோய்க்கு யோசிக்க நேரம் இருக்கிறது. தாத்தாவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

பதுளை வைத்தியசாலை இன்று போதனா வைத்தியசாலை. தியத்தலாவையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. பாதை முன்புபோல் இல்லை. ஆனால் மலையகத்து ஆண் ஒருவர் அங்கே போய் நிற்கும்போது ரிப்போட் ஆங்கிலத்தில், மருத்துவர் பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில், அவருடைய வெட்கம் தமிழில். கூட வந்த மகளையோ மருமகளையோ வைத்துக்கொண்டு எரிச்சலையும் சொட்டுவதையும் எப்படிச் சொல்வார்? அன்று டிஸ்பென்சரியில் வாயடைத்து நின்றவரின் பேரன் இன்று இங்கே அதே மாதிரி நிற்கிறார். ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த ஆண் ஊழியர் ஒருவர் இருந்தால் போதும், இந்த ஆண்களில் பாதிப்பேர் வாய் திறப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பெண்களுக்கான சுகநல கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. முப்பத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடிப் போய்க் கூப்பிடும் மருத்துவிச்சி இன்று இருக்கிறார். இருபாலாருக்குமான ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011இல் வந்தன. அங்கே ஆண்களின் வரவு குறைவு. வேலை நேரத்தில் திறந்து வேலை நேரத்தில் மூடினால் பேரை விட்டுவிட்டு யார் வருவார்?

அந்த நிலையங்களில் பி.எஸ்.ஏ. செய்வதில்லை. அது குறையென்று நான் நினைக்கவில்லை. இரத்த அழுத்தம், சீனி, உடல் எடை ஆகியவைதான் முப்பதுகளில் இருக்கும் ஆணுக்கு அவசரம். புற்றுநோய் என்று பார்த்தாலும், இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் கன்னத்தில் அடக்கி மலையில் நிற்பது தோட்டத்தில் தலைமுறைப் பழக்கம். வாய்க்குள் ஆறாத புண்ணையோ வெள்ளைப் படையையோ வைத்துக்கொண்டு பி.எஸ்.ஏ.க்குக் காசு கட்டும் முப்பத்தைந்து வயதுக்காரர் தவறான வாசலில் நிற்கிறார். வாயைத் திறந்து காட்ட அரசு வைத்தியசாலையில் காசு வேண்டாம்.

அப்படியானால் யார் இந்த இரத்தத்தைக் கொடுக்க வேண்டும்? தொந்தரவும் குடும்பத் தடயமும் இல்லாத நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு எந்த நாட்டு மருத்துவச் சங்கமும் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கம் பொதுவாக ஐம்பதிலிருந்தும், தந்தைக்கோ சகோதரனுக்கோ இருந்தால் நாற்பத்தைந்திலிருந்தும், பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் கோளாறு இருப்பவருக்கு நாற்பதிலிருந்தும் பேச்சைத் தொடங்கச் சொல்கிறது. அந்த மரபணு அம்மா வழியாகவும் வரும். அம்மாவுக்கோ சித்திக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால், அதையும் மகன்மார் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதைப் பெண்களின் நோய் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

பொதியில் சேர்ந்து வந்த பி.எஸ்.ஏ. எண் ஒன்று உங்கள் கைப்பேசியில் கிடந்தால், அதை அழிக்காதீர்கள். திகதியையும் அன்றைய உங்கள் வயதையும் அதன்மேல் எழுதி வையுங்கள். ஐம்பது வயதில் அது பயன்படும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருக்கும்போதே கேளுங்கள்: தாத்தா எதனால் இறந்தார், எத்தனை வயதில், கடைசியில் எங்கே வலித்தது, நீர்க்கட்டு இருந்ததா? கூடலூரிலோ கோத்தகிரியிலோ சொந்தங்களின் தொலைபேசி எண் இருந்தால் பெரியப்பாவைப் பற்றியும் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது ரிப்போட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.